கூடுமுன் ஆராய்தல்

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். ஒரு குடும்பத்தில் பிறக்கிறான். ஓர் ஊரில் வளர்கிறான். ஒரு மொழியால் ஓர் இனத்தோடு இணைகிறான். இவற்றுள் எதையும் அவன் தேர்ந்தெடுப்பதில்லை; அவை அவனுக்கு வாய்க்கின்றன. ஆனால், பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குள் அடியெடுத்து வைக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதில் புதிய வினா ஒன்று அவன் முன் எழுகிறது. 'இனி நான் யாரோடு சேர்வது?' என்பதே அவ்வினா. எந்தப் பாடத்தைப் படிப்பது என்று முடிவு செய்யப் பெற்றோரும் ஆசிரியரும் துணை நிற்கின்றனர். யாரோடு சேர்வது என்று முடிவு செய்ய அவன் பெரும்பாலும் தனியாகவே விடப்படுகிறான். படித்த பாடம் அவனுக்குத் தொழிலைத் தருகிறது. சேர்ந்த கூட்டமோ அவனுக்குக் குணத்தைத் தருகிறது. இவ்விரண்டில் எதைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்?

இவ்வினா ஒரு நிறுவனமாகவே உருப்பெற்று நிற்கும் இடம் அமெரிக்கக் கல்லூரி. 'பிரட்டர்னிட்டி' என்று வழங்கும் சகோதரக் கழகங்கள் அங்கே உள்ளன. பெண்களுக்கு உரியவை 'சொரோரிட்டி' எனப்படும். அவற்றுள் பெரும்பாலானவை கிரேக்க எழுத்துகள் இரண்டையோ மூன்றையோ பெயராகச் சூடியவை. பெரிய கழகங்களுக்கு நாடெங்கும் கிளைகள் உண்டு, தலைமையமைப்பு உண்டு, சின்னமும் சடங்கும் உறுதிமொழியும் உண்டு. பல கிளைகளுக்குத் தனி இல்லம் உண்டு. உறுப்பினர் அங்கேயே தங்கி, உண்டு, படித்துப் பட்டம் பெறுகின்றனர். ஒருமுறை உறுப்பினரானவர் வாழ்நாள் முழுவதும் உறுப்பினரே என்பது அவற்றின் கொள்கை.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய கழகங்கள் வேர்கொள்ளவில்லை. ஆயினும், நம் மாணவர்க்கு இது தொடர்பற்ற செய்தி அன்று. உள்நாட்டுத் தனியார் கல்லூரியில் தொடக்க ஆண்டுகளைப் பயின்று, எஞ்சிய படிப்பை அமெரிக்காவில் முடிக்கும் பட்டத் திட்டங்கள் இங்கே பல ஆண்டுகளாக நடைபெறுகின்றன. அவ்வாறு செல்பவன் உறவும் மொழியும் இல்லாத அயலூரில் இந்த அழைப்பை எதிர்கொள்ள நேரிடலாம். செல்லாதவனுக்கும் இதே வினா விடுதிக் குழுவாகவோ, மாணவர் சங்கமாகவோ, தெருமுனைக் கூட்டமாகவோ வேறு உருவில் வந்தே தீரும்.

சின்னம், சடங்கு, உறுதிமொழி என்ற சொற்களைக் கேட்டவுடன் இம்மண்ணில் வாழ்வோர்க்கு வேறொரு நினைவு எழுவது இயல்பு. நீரிணைக் குடியேற்றங்களில் இரகசியச் சங்கங்களை அடக்கும் சட்டம் 1890ஆம் ஆண்டிலேயே நடப்புக்கு வந்தது. குண்டர் கும்பலின் பிடியில் சிக்கி வாழ்வைத் தொலைத்த இளைஞர்களை நம் ஆசிரியர் பலர் வகுப்பறையிலேயே அறிந்திருப்பர். அமெரிக்கக் கழகங்கள் அத்தகையவை அல்ல. அவை சட்டத்துக்கு உட்பட்டவை. பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஏற்பைப் பெற்றவை. எனினும், இளைஞனின் மனம் இரண்டிடத்தும் ஒரே வகையில்தான் இயங்குகிறது. தனிமைப்பட்டவன், 'நீ எங்களுள் ஒருவன்' என்ற ஒரு சொல்லுக்கு ஏங்குகிறான். அச்சொல்லை முதலில் சொல்பவர் யாரோ, அவரிடம் தன்னை ஒப்படைத்து விடுகிறான். ஆகவே, ஒரு கழகத்தில் சேரலாமா, சேர்வதாயின் எதில் சேர்வது என்னும் வினா வெறும் கல்லூரி வாழ்க்கைச் செய்தி அன்று. அஃது ஓர் அறவினா.

தோற்றமும் பயனும்

இக்கழகங்களின் தொடக்கம் அறிவு வேட்கையில் இருந்தது. 1776ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் உள்ள வில்லியம் மேரி கல்லூரியில் மாணவர் ஐவர் கூடி 'ஃபை பீட்டா காப்பா' என்னும் கழகத்தைத் தோற்றுவித்தனர். மெய்யறிவின்மீது கொண்ட காதலே வாழ்வுக்கு வழிகாட்டி என்று பொருள்படும் கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகளே அப்பெயர். அவர்கள் கூடி விவாதித்தனர், கட்டுரை படித்தனர், தம் கழகச் செய்திகளை இரகசியமாகவும் காத்தனர். பின்னர், இரகசியக் கழகங்கள்மீது நாட்டில் ஐயம் வலுத்த காலத்தில், 1831இல் அதன் ஹார்வர்டு கிளை இரகசியத்தைக் கைவிட்டது. அதனால் கழகம் அழிந்துவிடவில்லை. 1837இல் எமர்சன் 'அமெரிக்க அறிஞன்' என்னும் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது அந்தக் கிளையின் முன்னர்தான். இன்றும் அது சிறந்த மாணவரைப் பெருமைப்படுத்தும் கழகமாக விளங்குகிறது. மறைப்பு அதன் உயிர் அன்று என்பது இதனால் விளங்கும்.

கூடிவாழும் சமூகக் கழகங்கள் வேறொரு வழியில் வளர்ந்தன. நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825இல் ஒன்றும் 1827இல் இரண்டும் தோன்றின. அவற்றைப் பார்த்துப் பிற கல்லூரிகளிலும் கழகங்கள் பெருகின. 1870இல் இந்தியானா மாநிலக் கல்லூரி ஒன்றில் மாணவியர் நால்வர் தமக்கென 'காப்பா ஆல்பா தீட்டா'வை அமைத்தனர்.

இவற்றால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மை ஆகாது. 1906ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் எழுவர் 'ஆல்பா ஃபை ஆல்பா' என்னும் கழகத்தை நிறுவினர். வெள்ளையர் நிறைந்த வளாகத்தில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கழகம் இல்லை. சேர்ந்து படிக்கவும், துயரைப் பகிரவும், சோர்ந்தவனைத் தாங்கவும் தாமே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டனர். நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் 1967இல் முதல் கறுப்பின நீதிபதியாக அமர்ந்த தர்குட் மார்ஷல் அக்கழகத்தவர். மார்ட்டின் லூதர் கிங் 1952இல் அதில் இணைந்தார். தள்ளப்பட்டவர்க்கு ஒரு சங்கம் எத்துணைப் பெரிய வலிமை என்பதைத் தோட்டப்புறங்களில் சங்கம் அமைத்து வளர்ந்த நமக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்றைய கழகங்களிலும் மூத்தோர் இளையோர்க்கு வழிகாட்டுகின்றனர். அறப்பணிக்கு நிதி திரட்டுகின்றனர். கணக்கு எழுதவும், கூட்டம் நடத்தவும், பொறுப்பேற்கவும் பழகுகின்றனர். பட்டம் பெற்றபின் வேலை தேடும்போது பழைய உறுப்பினரின் அறிமுகம் கிட்டுகிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் பல்லாயிரவருள் ஒருவனாய்க் கரைந்து போகாமல், பெயர் சொல்லி அழைக்க நாற்பது, ஐம்பது பேர் இருப்பதே பெரும்பேறுதான். இவற்றை விரும்பிச் சேர்பவனைக் குறைகூற இடமில்லை.

வாசலின் இருபுறம்

சேர்க்கும் முறையைச் சற்று நோக்குவோம். பருவத் தொடக்கத்தில் சில நாள்கள் கழக இல்லங்கள் புதியவர்க்குத் திறந்துவிடப்படும். புதியவர் இல்லம் இல்லமாகச் சென்று பேசுவர். பின்னர் உறுப்பினர் தமக்குள் கூடி, யாரை அழைப்பது என்று முடிவு செய்வர். அழைப்பைப் பெற்றவர் சில வாரங்கள் தேர்வு நிலையில் இருந்து, இறுதிச் சடங்கின்பின் முழு உறுப்பினராவர். முன்னாளில் பல கழகங்களில் வெள்ளை உருண்டைகளாலும் கறுப்பு உருண்டைகளாலும் வாக்களித்தனர். ஒரே ஒரு கறுப்பு உருண்டை விழுந்தாலும் வந்தவனுக்கு வாசல் அடைபடும்.

வாசலில் நிற்கும் மாணவன், 'என்னை ஏற்பார்களா?' என்று மட்டுமே எண்ணுகிறான். அவன் எண்ணாத செய்தி ஒன்று உண்டு. இந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்படும் அவன், அடுத்த ஆண்டு முதல் தேர்ந்தெடுப்பவனாக அமர்கிறான். தன்னைப் போலவே அஞ்சி, தன்னைப் போலவே ஏங்கி வாசலில் நிற்கும் ஒருவனைப் 'போ' என்று சொல்லும் பொறுப்பு அவனுக்கு வந்து சேர்கிறது. நட்பிலும் தேர்வு உண்டு அன்றோ என்று கேட்கலாம். உண்டு. ஆனால், நட்பு ஒருவனை விரும்பி ஏற்கிறது. மற்றவரைப் பட்டியலிட்டு நீக்குவதில்லை. கழகமோ கூடி அமர்ந்து, இவன் வேண்டா என்று முடிவெடுக்கிறது. அந்த முடிவில் என் கையும் உயரும் என்பதை அறிந்தே ஒருவன் உள்ளே செல்ல வேண்டும்.

இப்பொறுப்பை உணர்ந்த மாணவரும் இருந்தனர். 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்கர்ஸ்ட் கல்லூரியில் இருந்த 'ஃபை காப்பா சை' கழகக் கிளை, கறுப்பின மாணவர் ஒருவரைத் தம்முள் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. தேசியத் தலைமை அதை எதிர்த்தது. தலைமையின் சொல்லுக்குப் பணிந்து அம்மாணவரைக் கைவிடுவதா, கழகத்தின் பெயரையே கைவிடுவதா என்ற நிலை வந்தது. கிளையினர் அம்மாணவரைக் கைவிடவில்லை. தலைமை அக்கிளையை வெளியேற்றிற்று. அவர்கள் வேறு பெயரோடு தனிக் கழகமாகத் தொடர்ந்தனர். சகோதரத்துவம் பெயர்ப்பலகையில் இல்லை என்பதைக் காட்ட இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விலை கொடுத்தபின் வரும் மயக்கம்

'முதலில் சேர்ந்து பார்ப்போம். பிடிக்கவில்லையேல் விலகிக்கொள்வோம்' என்று சிலர் எண்ணுவர். கேட்க நியாயமாகவே தோன்றும் இவ்வெண்ணத்தில்தான் பெரும் பிழை மறைந்திருக்கிறது.

1959ஆம் ஆண்டு எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்னும் உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவியர் 63 பேர் ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர முன்வந்தனர். ஒரு பிரிவினர் கூச்சமூட்டும் கடுஞ்சோதனைக்கு உள்ளாகிச் சேர்ந்தனர். மற்றொரு பிரிவினர்க்கு எளிய சோதனை வைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினர்க்குச் சோதனையே இல்லை. பின்னர் அனைவரும் அக்குழுவின் உரையாடல் என்று கூறப்பட்ட ஒரே ஒலிப்பதிவைக் கேட்டனர். அது வேண்டுமென்றே சுவையற்றதாக அமைக்கப்பட்டிருந்தது. மற்ற இரு பிரிவினரைக் காட்டிலும் கடுஞ்சோதனைக்கு உள்ளானவரே அதை மிகுதியாகப் பாராட்டினர்.

இதன் பொருள் என்ன? கொடுத்த விலை மிகுந்தால், பெற்ற பொருள் அற்பமானது என்று ஒப்ப மனம் இடந்தருவதில்லை. 'நான் பட்டது வீண்' என்று ஒப்புவதைவிட, 'இது சிறந்த கூட்டம்' என்று நம்புவது எளிது. ஆகவே, உள்ளே சென்றபின் ஆராயலாம் என்பவன், ஆராயும் கருவியை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுச் செல்கிறான். பகடிவதையை நடத்தும் மூத்த மாணவர், 'நாங்களும் இதைப் பட்டவர்களே. இதுதான் எங்களைப் பிணைத்தது' என்று கூறுவதும் இம்மயக்கமே. அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவ்வாறு உணர்கின்றனர். ஆனால், அவர்களின் உணர்வு அவ்வழக்கத்தின் நன்மைக்குச் சான்று ஆகாது.

வள்ளுவர் 'நட்பு' என்னும் அதிகாரத்தை அடுத்து 'நட்பாராய்தல்' என்னும் அதிகாரத்தை வைத்தார். ஆராயாமல் நட்புக் கொள்வதைப் போன்ற கேடு இல்லை என்றும், கொண்டபின் விடுபட வழியில்லை என்றும் அதன் முதற்குறளிலேயே எச்சரித்தார். விடுபட வழியில்லை என்றது ஏன்? நல்லோன் நட்பைப் பாதியில் துறக்க மாட்டான் என்பது ஒரு காரணம். நட்புக்குள் புகுந்தபின் நம் கண்ணே மாறிவிடுகிறது என்பதும் ஒரு காரணமாகலாம். ஒருவனுடைய மனத்தில் இருப்பதுபோல் தோன்றும் அறிவு உண்மையில் அவன் சேர்ந்த இனத்திலிருந்து வருவதே என்று 'சிற்றினம் சேராமை'யில் அவர் கூறுவதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும்.

இம்மயக்கம் எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் கழக இல்லம் ஒன்றில், புதிதாகச் சேரவந்த 19 வயது மாணவர் ஒருவர், ஏற்புச் சடங்கின் பெயரால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறி மது அருந்த வைக்கப்பட்டார். பின்னர் அவர் படிக்கட்டில் விழுந்து படுகாயமுற்றார். இல்லம் நிறையச் 'சகோதரர்' இருந்தனர். மருத்துவ உதவியை அழைக்க வேண்டும் என்று அவர்களுள் ஒருவர் வற்புறுத்தினார். அவர் சொல் எடுபடவில்லை. உதவி அழைக்கப்பட்டபோது ஏறக்குறைய 12 மணி நேரம் கடந்திருந்தது. அம்மாணவர் உயிர் பிழைக்கவில்லை. பல்கலைக்கழகம் அக்கிளையை நிலையாகத் தடை செய்தது. அடுத்த ஆண்டு அம்மாநிலத்தில் பகடிவதைக்கு எதிரான கடுமையான சட்டம் இயற்றப்பட்டது.

அந்த இல்லத்தில் இருந்தோர் அனைவரும் கொடியவர் என்று கொள்வதற்கில்லை. வீட்டில் நல்ல பிள்ளைகளாகவும் வகுப்பில் நல்ல மாணவராகவும் இருந்தவர் அவர்களுள் பலர் இருந்திருக்கலாம். எனினும், தனியே இருந்தால் ஓடிச்சென்று உதவியிருக்கக் கூடியவர், கூட்டமாக இருந்ததால் வாளாவிருந்தனர். நட்பு என்பது சிரித்து மகிழ மட்டும் அன்று, நெறி பிறழும்போது முன்வந்து கடிந்துரைக்கவும்தான் என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்தை அன்றிரவு அவ்வில்லத்தில் ஒருவரே நிறைவேற்ற முயன்றார். அவருடைய சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்திருந்தால் ஓர் உயிர் நிலைத்திருக்கலாம்.

எதைத் தேர்வது?

இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. ஒரு கூட்டத்தின் தரத்தை அதன் புகழாலோ, இல்லத்தின் அழகாலோ, உறுப்பினரின் செல்வத்தாலோ அளப்பது பயனற்றது. 'மாட்டேன்' என்று சொன்னவன் அங்கே என்ன ஆகிறான் என்று கேட்க வேண்டும். மறுத்தபின்னும் அவன் சகோதரனாகவே மதிக்கப்படுகிறானா? அல்லது இகழப்படுகிறானா? மறுக்க இடமுள்ள கூட்டத்தில் சேர்பவன் தன் மனச்சான்றோடு உள்ளே செல்கிறான். மறுக்க இடமில்லாத கூட்டத்தில் சேர்பவன் அதை வெளியே விட்டுச் செல்ல வேண்டியிருக்கும்.

இதை எவ்வாறு அறிவது? அழைப்பு நாளில் அறிய இயலாது. பெண் பார்க்க வருவோரை எதிர்நோக்கும் வீடுபோல் அன்று எல்லாம் துலக்கி வைக்கப்பட்டிருக்கும். விழாவும் விருந்தும் இல்லாத சாதாரண நாளில் சென்று பார்க்க வேண்டும். தமக்குப் பயன்படாத விருந்தினரையும், சமையற்காரரையும், துப்புரவுப் பணியாளரையும் எப்படி நடத்துகின்றனர் என்று நோக்க வேண்டும். இறுதியாண்டு மாணவரைக் கூர்ந்து நோக்க வேண்டும். மூன்றாண்டில் நாம் அவர்களைப் போல் ஆவோம். அவ்வாறு ஆக விரும்புகிறோமா? சேர்ந்து இடையில் விலகியவர் இருந்தால் அவரைத் தேடிப் பேச வேண்டும். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, செலுத்த இயலாதவன் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பதையும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். அங்கே நடப்பவற்றைத் தாயிடம் மறைக்க வேண்டியிருக்குமா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். சடங்கின் மந்திரத்தை மறைப்பதில் குற்றமில்லை. ஒருவன் பட்ட துன்பத்தை மறைக்கச் சொல்வது குற்றம்.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசு இயற்றிய சட்டம், பகடிவதைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட மாணவர் அமைப்புகளைப் பற்றிய அறிக்கையை உயர்கல்வி நிலையங்கள் வெளியிட வேண்டும் என்று விதிக்கிறது. அந்த அறிக்கையைப் படிக்காமல் உறுதிமொழி ஏற்பவன், கணக்கைப் பாராமல் கூட்டு வாணிகத்தில் இறங்குபவனை ஒப்பான். மேலும், முதற்பருவத்திலேயே சேர வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. தனிமை பெரிதாகத் தோன்றும் முதல் வாரங்களில் எடுக்கும் முடிவு பசியோடு கடைக்குச் செல்வதைப் போன்றது. சில திங்கள் காத்திருப்பவனுக்கு வளாகமும் பழகிவிடும், மனிதரும் விளங்குவர்.

சேராமலே இருந்துவிடலாமா? இருந்துவிடலாம். அங்குள்ள மாணவர் பலர் எக்கழகத்திலும் சேராமலே பட்டம் பெறுகின்றனர். கோல்பி கல்லூரி 1984இலும் போடோயின் கல்லூரி 1997இலும் கழகங்களை ஒழிக்க முடிவெடுத்தன. அவை இன்றும் சிறந்த கல்லூரிகளாகவே விளங்குகின்றன. ஆனால், சேராமை தானே ஓர் அறம் ஆகிவிடாது. செருக்கினால் ஒதுங்குவோரும் உண்டு. அச்சத்தினால் ஒதுங்குவோரும் உண்டு. கழகத்தில் சேராதவன் ஆய்வுக்கூடத்திலோ, விளையாட்டுத் திடலிலோ, தன் மொழியினரின் சங்கத்திலோ, தன்னைத் திருத்தக் கூடிய நால்வரைத் தேடிக்கொள்ள வேண்டும். இடித்துரைப்பார் இன்றி வாழ்பவனுக்கும், இடித்துரைக்க இடந்தராத கூட்டத்தில் வாழ்பவனுக்கும் வரும் கேடு ஒன்றே.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பங்கு உண்டு. திருக்குறளை மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்வில் மதிப்பெண் தருகிறோம். அதோடு நின்றுவிடாமல், 'உன் கூட்டத்தில் நீ மறுத்துப் பேசினால் என்ன நடக்கும்?' என்று மாணவனை வகுப்பறையில் கேட்போம். அவன் உடனே விடை சொல்ல வேண்டியதில்லை. அவ்வினாவை உள்ளத்தில் எடுத்துச் சென்றால் போதும். எந்த நாட்டில், எந்த வாசலில், எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நின்றாலும் உள்ளே நுழையுமுன் அவன் ஒருகணம் நின்று எண்ணுவான். வள்ளுவர் நம்மிடம் கேட்டதும் அந்த ஒருகணத்தைத்தான்.